ஓசைப்படாத பீரங்கி

ராயபுரத்தில் ரேச்சல் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பொம்மை செய்கிற பொண்ணு வீடு என்று கேட்டுப் பாருங்கள், வாசல் வரைக்கும் கூட வந்து விட்டுவிட்டுப் போவார்கள். பொம்மை என்று சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் செய்வது போர் விளையாட்டுக்கான காய்கள். பலகையில் ஒரு நாட்டை விரித்து வைத்து, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, படையை நகர்த்தி, ஒருத்தன் ஊரை இன்னொருத்தன் பிடிக்கிற ஆட்டம் இருக்கிறதே, அதற்கு வேண்டிய சிப்பாய், குதிரை, டேங்க், பீரங்கி எல்லாம் கேட்கிறவர்கள் கேட்கிற மாதிரி செய்து கொடுப்பாள். கம்ப்யூட்டரில் அவள் வரைந்ததை மெஷின் ரெசின் என்கிற பிசினில் வார்த்துக் கொடுக்கும். அதைக் கழுவி, வெளிச்சத்தில் இறுக வைத்து, பிசிறு தேய்த்து, மயிரிழைத் தூரிகையால் வர்ணம் பூசி அனுப்புவாள்.

வாங்குகிறவர்கள் சாமானியப்பட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சிப்பாயின் கோட்டில் ஒரு பொத்தான் குறைகிறதே என்று மெயில் போடுகிற ஆட்கள். அவர்களுக்குச் செய்து செய்து ரேச்சலுக்கு உயிரெல்லாம் கண்ணிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் அம்மா ஃப்ளோராவுக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியாது. கிறிஸ்துமஸ் வந்தால் குடிலுக்கு ஆடு மாடு செய்துகொடு என்று கோயிலில் கேட்பார்கள், பெண்ணும் செய்து கொடுப்பாள், அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போன வருஷம் செய்த மூன்று ராஜாக்களில் ஒருத்தர் துப்பாக்கி பிடிக்கிற தோரணையில் நின்றார் என்று சாமியாரே சிரித்தார்.

இந்த ஆட்டப் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவள் அண்ணன் ஃப்ரெடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குக் கீழே பலகை விரித்துவிடுவான். எதிரே தவ்ஃபீக். வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறவன், ஃப்ரெடியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. விதியெல்லாம் அவர்களே போட்டுக்கொண்டது. ஆட்டம் என்றா சொல்கிறேன், அடிதடி. ஏனென்றால் ஃப்ரெடி ஒரு கள்ளன். தவ்ஃபீக் டீ எடுக்கத் திரும்பினால் போதும், ஃப்ரெடியின் பீரங்கி ஒரு கட்டம் தள்ளி நிற்கும். சட்டைக் கை பட்டது என்பான், காற்று அடித்தது என்பான், துறைமுகத்தில் கப்பல் ஊதினதில் அதிர்ந்து நகர்ந்தது என்று ஒருமுறை மாதா மேல் சத்தியம் பண்ணினான். இரண்டு பேரும் போடுகிற சத்தம் கல்மண்டபம் வரைக்கும் கேட்கும். ஃப்ளோரா துடைப்பத்தோடு படியேறினால்தான் அடங்கும்.

அப்படி இருந்தவனுக்குத்தான் அது நடந்தது. வேலை செய்த இடத்தில் குழாய் வெடித்து ஆசிட் முகத்தில் அடித்தது. முகம் ஆறிவிட்டது, கண் இரண்டும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஃப்ரெடி அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது வீட்டில். சோறு போட்டால் சாப்பிட்டான், சட்டை கொடுத்தால் போட்டுக்கொண்டான், அம்மா தண்ணீர் கொடுத்தால் "தேங்க்ஸ்மா" என்றான். பிறந்ததிலிருந்து ஃப்ளோராவிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை அவன். குழம்பில் உப்பில்லாவிட்டாலும் "நல்லா கீதுமா." தவ்ஃபீக் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வம்புக்கு இழுத்தால் "ஆமாண்டா, நீ சொல்றது கரெக்டு." ஃப்ரெடி நல்லவனாகிவிட்டான். வீட்டில் எல்லோரும் பயந்தது அதற்குத்தான்.

"எம் புள்ளைய எங்கியோ வுட்டுட்டு வேற எவனையோ இட்டுக்கினு வந்துட்டோம்டி," என்று ஃப்ளோரா அடுப்படியில் மகளிடம் சொன்னாள். அண்ணனை மறுபடி பலகைக்கு முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும், உட்கார்ந்தால் பழைய ஃப்ரெடி வந்துவிடுவான், வராவிட்டால் இனி என்றைக்கும் வரமாட்டான் என்று ரேச்சலுக்கு எப்படியோ தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வெளிநாட்டு வேலையையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு அண்ணனுக்கென்று ஒரு படை செய்தாள். தடவித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் பெரிதாக, ஆனால் அவள் கைவரிசை அத்தனையும் இறக்கி. சிப்பாயின் முதுகு மூட்டையில் வார் தெரிந்தது, குதிரைக்குக் கடிவாளம் இருந்தது, டேங்கின் சங்கிலியில் பல் பல்லாக இருந்தது. கொண்டுபோய் அண்ணன் கையில் வைத்தாள். ஃப்ரெடி ஒவ்வொன்றாகத் தடவினான். ஒரு சிப்பாயின் துப்பாக்கி முனை விரலில் ஏறி ரத்தம் துளிர்த்தது. விரலைச் சூப்பிக்கொண்டே, "சூப்பரா கீது ரேச்சு. கஷ்டப்பட்டு செஞ்சுருக்க," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. தன் அறைக்கு வந்து, மீதியிருந்த காய்களை மேசையில் கொட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். சிப்பாயா, குதிரையா? தெரியவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் குத்தியது. எல்லாம் நெத்திலிக் கருவாட்டை அள்ளின மாதிரி சொரசொரவென்று இருந்தது, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசமில்லை. பூதக்கண்ணாடிக்காரர்களுக்குச் செய்கிறதையே கண் தெரியாதவனுக்கும் செய்து வைத்திருக்கிறாள். அட லூசு என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் ஒவ்வொன்றையும் கண்ணை மூடித் தடவிப் பார்த்துத்தான் செய்தாள். பொத்தானெல்லாம் போனது, முகம் போனது, கடிவாளம் போனது. சிப்பாய் என்றால் மொழுக்கென்று ஒரு குமிழ். குதிரைக்கு இரண்டு திமில். டேங்க் தட்டையாக ஒரு பாளம், பீரங்கி என்றால் சாய்வாக ஒரு மழுங்கல் மூக்கு. அண்ணன் படைக்கு அடிப்பாகம் சதுரம், தவ்ஃபீக் படைக்கு வட்டம். தடவினால் சாயக்கூடாது என்று அடியில் காந்தம் பதித்தாள். தவ்ஃபீக் கடையிலிருந்து இரும்புத் தகடு வந்தது. காசிமேட்டில் படகு வைத்திருக்கிற சாலமோன் மாமா பழைய வலையில் ஒரு துண்டு கொடுத்தார். அதைத் தகட்டின் மேல் இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கட்டம், மூலைக்கு மூலை முடிச்சு, விரலால் எண்ணிக்கொண்டே போகலாம். பார்க்கிறதற்கு மகா அசிங்கமாக இருந்தது. இப்படியொரு அசிங்கத்தை அவள் தொழிலுக்கு வந்த நாளாகச் செய்ததில்லை.

ஒரு தப்பு மட்டும் நடந்துபோனது. காந்தம் அளவுக்கு மீறிய பலம். காயைக் கட்டத்துக்குக் கிட்டே கொண்டுபோனாலே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தகட்டில் 'டக்'கென்று ஒட்டியது. சின்னக் காந்தமாக வாங்கி மாற்றிவிடலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, தவ்ஃபீக்கும் பிரியாணிப் பொட்டலத்தோடு மாடியேறிவிட்டான்.

ஃப்ரெடி வந்து உட்கார்ந்தான். ஆசையாக என்று சொல்ல முடியாது. மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே, அது இல்லாததால் வந்தான். ஆனால் காய்கள் கையில் பட்டதும் விரல் கொஞ்சம் நின்றது. "இது குதிரதான?" என்றான். ரேச்சல் மூச்சை விடாமல் "ஆமாண்ணா" என்றாள். பலகை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு முதல் சிப்பாயை நகர்த்தினான். டக். தவ்ஃபீக் நகர்த்தினான். டக்.

கொஞ்ச நேரம்தான் சரியாகப் போனது. பிறகு தவ்ஃபீக் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. நண்பன் ஜெயிக்கட்டும் என்று முன்னால் நிற்கிற டேங்கைப் பின்னால் எடுத்தான். ரேச்சல் முறைத்தாள். அவன் கைஜாடையாலேயே அவளைச் சமாதானப்படுத்திவிட்டு அடுத்த டேங்கையும் பின்னால் எடுத்தான். டக். ஃப்ரெடியின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"மாமு, டேங்க எங்க வெச்ச?"

"முன்னாடிதான்டா. உன் கோட்டைகிட்ட வந்துட்டேன், உசாரா இரு."

"சத்தம் உன் மடிகிட்ட கேட்டுச்சு."

தவ்ஃபீக் அவசரமாக டேங்கின் மேலிருந்து கையை எடுத்தான்.

"எனக்குப் பிச்ச போடறியாடா?" என்றான் ஃப்ரெடி. சத்தம் போடவில்லை. எழுந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தடவித் தடவிக் கீழே இறங்கிப் போனான். பிரியாணி அப்படியே இருந்தது. தவ்ஃபீக் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நல்லதுன்னு நெனச்சு பண்ணேன்மா," என்று ரேச்சலிடம் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். கெட்டது குடி என்று அவளுக்கு ஆகிவிட்டது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன காந்தத்தால் வந்தது, சத்தம் கேட்காமல் இருந்திருந்தால் அண்ணன் ஜெயித்த சந்தோஷத்திலாவது இருந்திருப்பான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கீழே வர்ணம் கலந்துகொண்டிருந்தபோது மேலே டக் என்று கேட்டது. காக்கா எதையோ தட்டிவிட்டது என்று நினைத்தாள். மறுபடியும் டக். படியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தால் ஃப்ரெடி தனியாக உட்கார்ந்திருக்கிறான், முதுகுதான் தெரிந்தது. அவள் சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டாள். அதற்கடுத்த நாளும் டக், டக் என்று கேட்டது. அப்புறம் சத்தம் குறைந்தது. வெள்ளிக்கிழமை வாக்கில் அண்ணன் மாடிக்குப் போனதைப் பார்த்தாள், ஆனால் மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறான், வெறுத்துவிட்டது என்று அவளுக்கு அழுகையே வந்தது. மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை சாப்பிடும்போது ஃப்ரெடி தட்டின் மேல் குனிந்தபடியே சொன்னான்: "நாளிக்கு அவன வரச்சொல்லு. ஒயுங்கா ஆடறதா இருந்தா வரச்சொல்லு. இல்லன்னா கடையிலயே குந்திக்கினு கெடக்கட்டும்."

தவ்ஃபீக் வந்தான். இந்தத் தடவை தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. வந்த வேகத்தில் ஃப்ரெடியின் சிப்பாய்களை வாரினான், இரண்டு குதிரையையும் எடுத்தான். ஒவ்வொரு டக்குக்கும் ரேச்சல் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். ஃப்ரெடிக்கு மிஞ்சியது ஒரு பீரங்கியும் கொஞ்சம் சில்லறைச் சிப்பாய்களும்தான். தவ்ஃபீக்கின் டேங்க் கோட்டை வாசலுக்கே வந்து நின்றது. பீரங்கி இருக்கிற இடத்திலிருந்து அதை அடிக்க முடியாது, ஒரு கட்டம் தள்ளியிருந்தால் நேர்க்கோட்டில் கிடைத்திருக்கும். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது, இன்னொரு தோல்வியை இவன் தாங்குவானா என்று அவள் நகத்தைக் கடித்தாள்.

"யம்மோவ், டீ இன்னாச்சு?" என்று ஃப்ரெடி கீழே பார்த்துக் குரல் கொடுத்தான். ஃப்ளோரா தட்டோடு வந்தாள். தவ்ஃபீக் வாங்குவதற்காகப் படிப்பக்கம் திரும்பினான்.

அப்போதுதான் ரேச்சல் அதைப் பார்த்தாள். அண்ணனின் வலதுகை பீரங்கிக்குப் போனது. காயை லேசாகச் சாய்த்து, சுண்டுவிரலை அடியில் கொடுத்து, காந்தம் விட்டதும் தூக்கினான். இடதுகை அடுத்த கட்டத்தின் முடிச்சைத் தொட்டுக் காத்திருந்தது. அங்கே விரலின் மேல் காயை வைத்து, விரலை மெதுவாக உருவினான். காந்தம் பூனை மாதிரி போய் உட்கார்ந்தது. ஒரு டக் இல்லை, ஒரு டிக் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கின குழந்தை முகத்தோடு டீக்குக் கை நீட்டினான்.

வாரம் முழுக்க அவன் மாடியில் பழகியது இதைத்தானா? அட கிராதகா. ரேச்சலுக்கு இத்தனை மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. அப்பாடா என்று இருந்தது. சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டும் வெளியே வந்துவிடப் போகிறதே என்று துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பீரங்கி அடிக்குது. உன் டேங்க் காலி," என்றான் ஃப்ரெடி.

தவ்ஃபீக் டீயை வைத்தான். பலகையைப் பார்த்தான், ஃப்ரெடியைப் பார்த்தான், திரும்பப் பலகையைப் பார்த்தான். "டேய். இது இங்க எப்டிடா வந்துச்சு?"

"எனக்கின்னா தெரியும்? கண்ணு தெரியாதவன்கிட்ட வந்து கேக்கற."

"டபாய்க்காதடா. இது அந்தாண்ட கட்டத்துல இருந்துச்சு. அயுகுணி, அயுகுணி ஆட்டம் ஆடறியா? சுட்டுப் போட்டாலும் திருந்த மாட்டடா நீ."

"யாருடா அயுகுணி? சத்தம் கேட்டுச்சா உனக்கு? காய் நவுந்தா சத்தம் கேக்கும்ல? கேட்டுச்சா, சொல்லு. தோத்துட்டு ஊளையிடறான் பாரு, கேனப்பய."

தவ்ஃபீக் எழுந்து நின்று கத்தினான். ஃப்ரெடியும் எழுந்து நின்று, அவன் நிற்கிற பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, யாருமில்லாத இடத்தைப் பார்த்து அதைவிட உரக்கக் கத்தினான். தவ்ஃபீக் கத்திக்கொண்டே நகர்ந்துபோய் அவன் முகத்துக்கு நேராக நின்றுகொண்டான். தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவன் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான். பழக்கதோஷத்தில் துடைப்பத்தைத் தேடிப் போன ஃப்ளோரா, இரண்டு படி இறங்கியவள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சிலுவை போட்டுக்கொண்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "டேய் கட்டைல போறவனே, மெதுவா பேசுடா, அக்கம்பக்கத்துல மனுஷன் இருக்கவாணாமா," என்று அங்கிருந்தே மகனைத் திட்டினாள்.

"நீ போம்மா அந்தாண்ட. டீயில சக்கரையே இல்ல, இதுல பேச வந்துட்ட," என்றான் ஃப்ரெடி.

ஃப்ளோரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தவ்ஃபீக் விடவில்லை. "தங்கச்சி, நீ இங்கதான குந்திக்கினு இருந்த. உன் கண்ணு ஊசி முனையக் கூட வுடாது. நீயே சொல்லு, இவன் பீரங்கிய நவுத்துனானா இல்லியா?"

ஃப்ரெடியும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். ரேச்சல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எதுவும் பாக்கலண்ணே," என்றாள்.