கங்காதரனின் கால்

செயற்கைக் காலுக்காக அலைந்ததில் கோபாலின் மிச்சமிருந்த காலும் தேய்ந்துவிட்டது. தி.நகரிலிருந்த அந்த நிலக்கரிக் கம்பெனி ஆபீசில் இன்றும் அதே பதில்தான்.

“சுரங்கத்துல கால் போனது கங்காதரனுக்கு. நீர் கோபால்,” என்றார் ஆபீசர்.

“கங்காதரன் மாமாவுக்கு அன்னிக்கு ஜொரம் சார். வரலேன்னா பேரை வெட்டிடுவாங்க. அதான் அவர் டோக்கனைக் காட்டி நான் எறங்கினேன். மேல்பாறை வுயுந்தது என் மேல!”

அக்காள் புருஷன் கங்காதரன் முன்னால் வந்தான். “நல்லாப் பாரு சார், ரெண்டு காலும் கீது. இன்னாத்துக்கு அவனை இழுத்தடிக்கிறே?”

“நீர்தானா அது? கால் போச்சுன்னு நீர் கையெழுத்துப் போட்டா, செயற்கைக் கால் இப்பவே தரேன். அதை யார் மாட்டிண்டா எனக்கென்ன?”

“அப்ப என் வேலை?”

“கால் இல்லாதவனுக்குச் சுரங்கத்துல என்னய்யா வேலை?”

கோபால் ஊன்றுகோலை ஓங்கித் தரையில் குத்தினான். “வேணாம் மாமா, வா போலாம். அக்கா சோத்துக்கு இன்னா பண்ணும்?”

கங்காதரன் நகரவில்லை. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தான். பிறகு ஆபீசரின் பேனாவை வெடுக்கென்று எடுத்தான்.

“எந்தக் காலுன்னு எழுதணும் சார்? லெப்டா, ரைட்டா?”