ரீட்டா விட்டுவிட்ட பத்தி

செஞ்சியில் அருளானந்தம் செத்துப்போன பிறகும் ஏழு மாதம் வீட்டிலேயே இருந்தார். காரணம், அவர் மகள் ரீட்டா எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை. ஏப்ரல் பதினொன்றாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர் நாடி பார்த்து, கையை விரித்துவிட்டுப் போனார். சாமியாருக்கு ஆள் போனது, சவப்பெட்டிக்கும் சொல்லியாயிற்று. ரீட்டா அழவில்லை. உட்கார்ந்து, இவர் ஏன் போகக்கூடாது என்று எழுதி, அப்பாவின் காதோரம் நிதானமாக வாசித்தாள். அருளானந்தம் கண்ணைத் திறந்து, "நீ சொல்றதும் ஞாயமாத்தான் இருக்குது" என்று எழுந்து உட்கார்ந்தார். மூச்சு மட்டும் வரவில்லை. பெட்டிக்காரர் பெட்டியைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டதால், அதில் விதைக்கு வைத்திருந்த மல்லாட்டைக் கடலையைக் கொட்டிவைத்தார்கள்.

ரீட்டா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில், அரசு வேலைப் பரீட்சைக்குக் கட்டுரை சொல்லிக்கொடுப்பவள். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் வேண்டாம் என்பதற்கும் ஒரு கட்டுரை எழுதித்தான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். அவள் பாடம் இதுதான்: உன் பக்கத்தை முதல் வரியிலேயே போட்டு உடை. காரணம் சொல், ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி காட்டு. அப்புறம் எதிராளியின் பக்கத்தை, அவனே மெச்சும்படி ஒரு பத்தி எழுது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு முடி. எதிராளியின் பத்தியை விட்டவன் தாளில் குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். "அவன் வாயப் பொத்திட்டு நீ ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா?" என்பாள்.

அருளானந்தம் வழக்கம்போல வல்லத்து நிலத்துக்குப் போய்வந்தார். ரேஷன் கடை மெஷின் அவர் கைரேகையை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அமாவாசையன்று அவர் ஏறிய மேல்மலையனூர் கோயில் பஸ்ஸில் எள் விழ இடமில்லை. செத்த மனுஷன் என்று தெரிந்தும் ஒருத்தரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. எதிர்வீட்டு சுந்தராம்பாள் ஒரு வாரம் பயந்தாள், அடுத்த வாரமே குக்கர் கைப்பிடி முடுக்கித்தரக் கூப்பிட்டாள். எல்லாம் சரி, கால்வலி மட்டும் விடவில்லை. செத்தால் வலி போய்விடும் என்றுதானே நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்! போகாமல் நின்றவருக்கு அந்தச் சலுகை இல்லைபோல. ரீட்டா தினமும் தைலம் தேய்த்துவிட்டாள். அவளும் வெளியூர் போவதை நிறுத்தி, மாலை வகுப்பையும் விட்டுவிட்டாள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஊரே சுண்ணாம்படித்துப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றியது. அருளானந்தம் தன் பெண்சாதி ராயம்மாள் கல்லறைக்கு ஒன்று ஏற்றிவிட்டு, பக்கத்தில் தனக்கென்று விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்கவில்லை. மெழுகுவத்தியெல்லாம் அணைந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலையில், "என் பக்கத்த நீ எழுதவே இல்லியேம்மா" என்றார்.

ரீட்டா அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துப் பார்த்தாள். பாவி, பார்த்துத்தான் தெரியவேண்டுமா என்ன! எழுதினால் தோற்றுவிடுவோம் என்று அன்றைக்கே தெரிந்துதான் விட்டிருந்தாள். புதுத்தாள் எடுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லு நைனா."

"காலு வலிக்குது. பசி இல்ல, தூக்கம் இல்ல. உங்கம்மா ஆறு வருசமா தனியா கெடக்குறா. உன்னப் பாத்துக்கினே இருக்கணும்னு எனக்கும் ஆசதான். ஆனா என்ன வச்சிக்கினு நீயும் எங்கியும் போவாம கெடக்குறியே, அத்தப் பாக்க முடியலம்மா."

ஒரு சொல் குறைக்காமல் எழுதினாள். பிறகு பதில் எழுதவேண்டும். ஒரு வரி எழுதி அடித்தாள், இன்னொன்று எழுதி அடித்தாள். பாடம் சொல்லிக்கொடுத்த பதினெட்டு வருஷத்தில் எந்தத் தலைப்புக்கும் பதில் இல்லாமல் அவள் உட்கார்ந்ததில்லை. மதியம்வரை தேறியது ஒரே வரி: நீ போனால் எனக்கு யாரும் இல்லை. அது அவர் சொன்னதற்குப் பதில் ஆகாது, வெறும் அழுகை. அதையும் அடித்துவிட்டு, ஏழு மாதமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அழுது முடித்து, அவர் பக்கம் மட்டும் மிஞ்சிய அந்தத் தாளை அவருக்கு வாசித்துக் காட்டினாள். "இப்ப சரியா வந்துருக்குது" என்று அவள் தலையைத் தடவிவிட்டு, அருளானந்தம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

ராயம்மாள் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். கல் செதுக்கும் கலியபெருமாள், ரீட்டா எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மூன்று வரிக்கும் ஒரே அளவு எழுத்து போதுமா என்றுதான் கேட்டார். பிறந்த தேதி, இறந்த தேதி, அதற்குக் கீழே மகள் சம்மதித்த தேதி.