திரையை இழுத்த சாருக்கும் நன்றி

"நீங்க திரையை இழுங்க சார்" என்றார் வயலின் டீச்சர். பதவி உயர்வு கொடுப்பவரைப் போல முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பல்செட் செய்வது தொழில். ஊரில் பாதிப் பெரியவர்கள் நான் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள், மெல்லுகிறார்கள், செட் சரியில்லை என்று என்னையே திட்டவும் செய்கிறார்கள். போன வருடம் வயலின் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. விடுமுறை முழுக்க சோபாவில் கிடந்து யாரோ விளையாடுவதை டிவியில் பார்த்துக் கத்தும் என் மச்சானை ஒருவராவது ஏன் என்று கேட்டதுண்டா?

அவன்தான் முதலில் ஆரம்பித்தான். "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா மாமா?"

அந்தப் பழமொழியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாள் முழுவதும் மெழுகையும் கம்பியையும் வளைக்கிறவன் நான். சூடு காட்டத் தெரிந்தால், பொறுமையும் இருந்தால், எதுவும் வளையும். இதைச் சொன்னவன் வாழ்க்கையில் ஒரு கம்பியையாவது வளைத்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

வகுப்பில் சவரம் செய்துகொள்கிற மாணவன் நான் ஒருவன்தான். மற்றவர்களில் பாதிப் பேருக்குப் பால்பல்லே விழுந்து முடியவில்லை. வருடக் கடைசியில் ஒரு சின்ன அரங்கம் பிடித்து, வீட்டாரை அழைத்து, ஆளுக்கு ஒரு பாட்டு வாசிக்க வைப்பது டீச்சரின் வழக்கம். எனக்கும் ஒரு பாட்டு கொடுத்திருந்தார். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் மெதுவான மெட்டு. மூன்று வரி ஒழுங்காக வந்துவிடும். நாலாவது வரியில் சுண்டுவிரல் எட்டிப்போய் ஒரு உச்ச ஸ்வரத்தைத் தொட வேண்டும். என் சுண்டுவிரல் அதுவரை போகாமல் பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். வருடம் பூராவும் அந்த ஒரு இடத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் வாசிக்கலையா டீச்சர்?"

"அது வந்து சார், பேரன்ட்ஸ் எல்லாம் வருவாங்க. சின்னப் பசங்க வரிசையா வாசிக்கும்போது நடுவுல நீங்க வந்து நின்னா பாக்க ஒரு மாதிரி இருக்கும். உங்களுக்கு இது ஹாபிதானே?"

அந்த 'தானே'தான் சுருக்கென்று குத்தியது. ஹாபிதானே! என் பக்கத்தில் உட்காரும் வாண்டு, அம்மா தரதரவென்று இழுத்து வந்தால்தான் வாசலையே தாண்டுவான். அவனுக்கு மேடை. நான் வேலை முடிந்து, கையில் ஒட்டிய பல் அச்சுப் பிளாஸ்டரைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மழையானாலும் வெயிலானாலும் நானாகவே ஓடி வருகிறேன். எனக்குத் திரைக் கயிறு. பிடிக்காமல் செய்கிறவனுக்கு மரியாதை, பிடித்துச் செய்கிறவனுக்கு 'தானே'. இது எந்த ஊர் நியாயம்? வாய் நிறையப் பல் இருந்தும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காமல், அத்தனையையும் நறநறவென்று கடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். லாரி உறுமலுக்கு மேலே குரலை உயர்த்தி ஆட்களை வேலை வாங்கிப் பழகியவள். வீட்டில் அவள் ரகசியம் பேசினால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார்.

"கயிறு இழுக்குறதும் ஒரு வேலைதானே. இழுத்துட்டு வாங்க" என்றாள்.

இவளுமா 'தானே'! வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டாள். இவளிடம் போய்ச் சொன்ன என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். நான் வயலினை எடுத்த முதல் நாளிலிருந்தே இவளுக்குக் கேலிதான். "இந்த வயசுல இது தேவையா?" "நீங்க ஆரம்பிச்சதுலேருந்து வீட்டுல எலித் தொல்லையே இல்ல." நான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். சமையலறையிலிருந்து பால் தீய்ந்த நாற்றம் வரும். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கும். "எல்லாம் உங்க சத்தத்தாலதான்" என்று என்மேல் பழியைப் போடுவாள். நான் வயலின் வாசித்தால் பால் எதற்குப் பொங்க வேண்டும்? பால் பொங்குவதற்குக்கூட வீட்டில் நான்தான் பொறுப்பா?

விழா நாளும் வந்தது. வயலினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். கயிறு இழுக்கப் போகிறவனுக்கு வயலின் எதற்கு? வாசலில் பார்த்தால் இவள் நல்ல பட்டுப்புடவையில் நிற்கிறாள்.

"கயிறு இழுக்குறதைப் பாக்கப் பட்டுப்புடவையா?"

"என் புடவை, நான் கட்டுறேன். உங்களுக்கு என்ன?"

அரங்கத்து வாசலில் காரை நிறுத்தித் திரும்பினால் பின் சீட்டில் என் வயலின் பெட்டி.

"இதை யார் எடுத்துட்டு வந்தது?"

"வீட்டுல வெச்சா திருடு போயிடும்" என்று சொல்லிவிட்டு, விடுவிடுவென்று உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். காரில் விட மனமில்லாமல் நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்குப் பின்னால், கயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இழுத்தேன். திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து கீச்சிட்டுவிட்டுப் போயின. என் பக்கத்து வாண்டு தன் பாட்டைப் பாதியில் மறந்துவிட்டு மூக்கை நோண்டிக்கொண்டு நின்றான். கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. பொய் சொல்லவில்லை, நானும் தட்டினேன். அவன்மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் ஒவ்வொரு முறை கயிற்றை இழுக்கும்போதும் என் இடதுகைச் சுண்டுவிரல் தானாகவே கயிற்றின்மேல் எட்டி எட்டிப் போனது. அதற்கு மட்டும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

கடைசியில் டீச்சர் மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார். பெற்றோருக்கு நன்றி, மைக் செட்காரருக்கு நன்றி, பூங்கொத்து கொடுத்தவருக்கு நன்றி. "அப்புறம், அலுக்காம சலிக்காம நமக்காகத் திரையை இழுத்த சாருக்கும் நன்றி!"

எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதுதான் எனக்குள் ஏதோ பொட்டென்று அறுந்தது. ஒரு வருடம் தேய்த்திருக்கிறேன். விரல் நுனி காய்த்துப்போயிருக்கிறது. இந்த மண்டபத்தில் எனக்குக் கிடைத்த கைத்தட்டல் ஒரு கயிற்றுக்கு! மூட வேண்டிய திரையை மூடாமல் கயிற்றைத் தூக்கி எறிந்தேன். பெட்டியைத் திறந்து வயலினை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடுவில் போய் நின்றேன்.

யாரும் கவனிக்கவில்லை. பாதிப் பேர் எழுந்து பலகாரம் வைத்திருந்த மேசைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அரங்கத்து ஆள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தான். டீச்சர் ஓடி வந்து, "சார், டைம் ஆச்சு சார்" என்று கிசுகிசுத்தார். பேசாமல் இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க!"

லாரிகளை நிறுத்துகிற குரல் அது. அரங்கமே அப்படியே நின்றது. என் மனைவி முதல் வரிசையில் எழுந்து, இடுப்பில் கைவைத்துத் திரும்பி நின்றிருந்தாள்.

"ஏம்ப்பா, நாற்காலியைக் கீழ வை. உங்க பிள்ளைங்க வாசிச்சப்ப நாங்க உக்காந்து கேட்டோம் இல்ல? இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்கு. டீச்சர், நீங்களும் வந்து உக்காருங்கம்மா."

டீச்சர் உட்கார்ந்தார். வாயில் பலகாரத்தோடு இருந்தவர்களும் மெல்லாமல் உட்கார்ந்தார்கள்.

வாசித்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் வில் கொஞ்சம் உதறியது, ஆனாலும் வந்தது. நாலாவது வரியில் சுண்டுவிரல் கிளம்பிப் போய், வழக்கம்போலப் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது. கரகரவென்று ஒரு சத்தம். கை நின்றுவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தானன னா... னா!"

முதல் வரிசையிலிருந்து அவள்தான். குரலில் இனிமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் ஸ்வரம் அச்சு அசலாக அதேதான். ஒரு வருடமாக நான் எட்ட முடியாத அதே உயரத்தில் அவள் சிரமமே இல்லாமல் போய் நின்றாள். நான் விரலை மறுபடி வைத்தேன். இந்த முறை போய்ச் சேர்ந்தது. முழுக்க இல்லை, முக்கால்வாசி. அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் ஓடிவிட்டேன். கைதட்டினார்கள். கயிற்றுக்குத் தட்டியதைவிடக் குறைவுதான், ஆனால் இது எனக்கு.

டீச்சர் வந்து, "நல்லா இருந்துது சார், நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். முன்னாடியே சொல்லியிருக்கலாமாம்! "அடுத்த வருஷம் நான்தான் முதல்ல. திரைக்கு வேற ஆளைப் பாருங்க டீச்சர்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன்.

காரில் ஏறியதும் என் ஆத்திரம் முழுவதும் இவள் பக்கம் திரும்பியது. பின்னே? அந்த மெட்டு முழுவதும் இவளுக்கு மனப்பாடம். பாராட்டாக ஒரே ஒரு வார்த்தையைப் பிச்சையாகப் போட்டிருந்தாலும் நான் இந்த ஒரு வருடத்தை நிம்மதியாக வாசித்திருப்பேனே!

"இந்த வயசுல தேவையான்னு கேட்டியே. எலி ஓடிப்போச்சுன்னு சொன்னியே. அந்த இடம் மட்டும் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

"தினமும் அந்த இடத்துலதான் நிக்கிறீங்க. இன்னைக்காவது தாண்டுவீங்களா மாட்டீங்களான்னு நானும் கரண்டியும் கையுமா கதவுக்கிட்ட வந்து நின்னா, அடுப்புல இருக்குற பால் பொங்காம என்ன பண்ணும்?"

நான் சாவியைத் திருகிக் காரைக் கிளப்பினேன். அவளே மறுபடி ஆரம்பித்தாள்.

"நாளைக்கு அந்த நாலாவது வரியை முதல்ல வாசிச்சிடுங்க. அதுக்கப்புறம் பால் வெக்கிறேன்."