ஒரு செப்புக் கேத்திலும் இரண்டு வாத்தும்

ஏழு வருடத்துக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில், யோகராணியின் வீட்டுக்குள் கடல் வந்தது. முதல் நாள் கணுக்கால், இரண்டாம் நாள் முழங்கால், மூன்றாம் நாள் இடுப்பு. நாலாம் நாள் எவ்வளவென்று நின்று பார்த்தவர் அந்தக் குடும்பத்தில் எவருமில்லை. வீட்டார் சாமான்களோடு படி இறங்கிய ஒரு மணித்தியாலத்தில் தண்ணீர் வற்றிவிடும், சுவரில் உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். 1981இல் பருத்தித்துறையிலும், 1988இல் நெல்லியடியிலும், 1995இல் கோப்பாயிலும் வந்தது. பருத்தித்துறையில் கடல் பக்கத்திலேயே இருந்தது. மற்ற இரண்டு தடவையும் அங்கே எல்லோருமே வீட்டை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்; ஷெல் விழுகிற நேரத்தில் தரையில் உப்புத்தண்ணீர் நிற்பதை யார் கணக்கெடுத்தார்கள். றொரன்ரோவுக்கு வந்த பிறகுதான் விஷயம் கண்ணில் பட்டது. 2002இல் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் முழங்கால் அளவுக்குக் கடல் நின்றது, பத்தாம் மாடிக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட பஸ்ரியன் கதவைத் திறந்து பார்த்தார், குசினிக்குள் இரண்டு மீன் ஓடியதைக் கண்டார், அனுமதியில்லாமல் பிராணி வளர்க்கிறார்கள் என்று கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். 2009இலும் 2016இலும் வேறு மாடிகள், அதே கடல்.

இதைக் குடும்பம் காதும் காதும் வைத்தாற்போல வைத்திருந்தது. வீட்டுக்குள் கடல் வருகிற குடும்பம் என்று ஊரில் கதை பரவினால் பிள்ளைகளுக்கு யார் சம்பந்தம் பேசி வருவார்கள்? பரிஸில் இருந்த சித்தப்பா மகனுக்கும் மெல்பேணில் இருந்த மாமிக்கும் இதே வருத்தம் இருந்ததென்று யோகராணிக்கு நெடுநாள் தெரியாது. அவர்களும் அதே காரணத்துக்காக வாய் திறக்காமல் வீடு மாறிக்கொண்டிருந்தார்கள்.

2023இல் யோகராணிக்கு ஐம்பத்தெட்டு வயது. றொரன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் இருபத்துநாலு வருடமாக மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துவந்தார். ஸ்பொன்சர், குடியுரிமை, ஓய்வூதியம், எதுவானாலும் 'யோகராணி அக்காட்டைப் போங்கோ' என்பார்கள். குடியுரிமைக்கு நாட்டில் இருந்த நாட்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக் காட்டவேண்டும். நயகராவுக்கு அப்பால் அமெரிக்கப் பக்கம் ஒரு பின்னேரம் போய்வந்ததைக்கூட அவர் விடமாட்டார். வந்தவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான். "முதன்முதல் எழுதிக் குடுத்தது பிழையோ சரியோ, கடைசிமட்டும் அதையே எழுதவேணும். மாத்தினீங்களோ, எல்லாம் போச்சு." நாட்டைக் கடத்திவிட்ட ஏஜென்சிக்காரன் தந்த பொய்ப் பிறந்த திகதியிலேயே முப்பது வருடம் வாழ்ந்து, அதே திகதியில் கேக்கும் வெட்டுகிற ஒரு சனத்துக்கு இதை விளக்கவேண்டிய தேவையிருக்கவில்லை.

2017இல் அவரும் புருஷன் விநாயகமூர்த்தியும் வெக்ஸ்போர்ட்டிலேயே ஒரு செங்கல் வீட்டை வாங்கினார்கள். சின்ன வீடு. குசினி யன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டு மரியோவின் தக்காளிக் கொடிகள் தெரியும். அதற்கு முன் இருந்த எந்த வீட்டிலும் யோகராணி மனதை வைக்கவில்லை, இதில் வைத்துவிட்டார். 2023 ஆடி நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டை விட்டுப் போக அவருக்கு விருப்பமில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

அந்த வருடம் பங்குனியில் மகள் நிலாணி, மலிவு விற்பனையில் வாங்கிய மரபணுப் பரிசோதனைப் பெட்டியொன்றில் தாயைத் துப்பவைத்து அனுப்பினாள். தொண்ணூற்றேழு வீதம் எதிர்பார்த்ததுதான். மிச்சம் மூன்று வீதம் இங்கிலாந்தின் கிழக்குக் கரை என்று வந்தது. கூடவே பக்கத்திலேயே, ஸ்காபரோவில் இருந்த றிச்சர்ட் என்றொரு ஓய்வுபெற்ற தபால்காரர் தூரத்து உறவு என்றும் வந்தது. றிச்சர்ட் ஒரு தடித்த கோப்போடு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். இருபது வருடமாகத் தன் வம்சத்தைத் தேடிக்கொண்டிருந்த அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் அகப்படாமல் இருந்தார். ஏபெல் தோர்ன், பண்ணை வேலையாள். ஒரு செப்புக் கேத்திலும் இரண்டு வாத்தும் திருடியதற்காக 1834 ஆடி 18ஆம் திகதி தீர்ப்பாகி, ஏழு வருடத் தண்டனையாகக் கடல் கடத்தப்பட்டவர். சிட்னியில் ஐந்து வருடத்துக்கு மேல் குதிரை மேய்த்துவிட்டு, முன்னூற்று எண்பத்தெட்டு நாள் மிச்சமிருக்கையில், மதராஸுக்குக் குதிரை ஏற்றிய கப்பலொன்றில் ஒளிந்து ஏறினார். அதோடு காகிதத்தில் ஆள் இல்லை. "நீங்கள் வாத்துத் திருடினவரின்ர வாரிசு" என்று நிலாணி தாய்க்குச் சுருக்கிச் சொன்னாள். "சீரியஸ்லி அம்மா, ரெண்டு வாத்து."

மிச்சக் கதை யோகராணியின் சாதக ஏட்டுக்கட்டுக்குள் இருந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கட்டைத்தான் அவர் கோப்பாயிலிருந்து சோறுகூட எடுக்காமல் தூக்கிவந்தார். அதில் முதலாவது ஏடு அவருடைய ஓட்டனின் தகப்பனுடையது. குதிரைக்கார அப்பு என்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த வியாபாரி, பால் அதிகம் குடித்ததால் கண் சாம்பல் நிறமாகப் போனது என்பார்கள். ஏட்டின்படி அவர் பிறந்தது சார்வரி வருடம், அதாவது 1840, ஆவணி மாதம், பருத்தித்துறை முனையில். பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருந்தது: பிறந்தபோது வயது முப்பது, கையில் நொண்டிக் குதிரை ஒன்று. நடந்தது இதுதான். தண்ணீர் ஏற்ற நின்ற கப்பலிலிருந்து இறங்கிய மனிதருக்கு ஊரிலே பெண் கொடுக்க ஒருவர் சம்மதித்தார், ஆனால் பொருத்தம் பார்க்கச் சாதகம் வேண்டும். தான் எப்போது பிறந்தேன் என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. சாத்திரியார் யோசித்து, அவர் கரையில் கால் வைத்த நாழிகையையே பிறந்த நாழிகையாக வைத்துக் கட்டம் போட்டார். பத்தில் எட்டுப் பொருத்தம். றிச்சர்ட் இதைக் கேட்டுவிட்டு, ஏட்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

யோகராணிக்குக் கடல் ஏன் வருகிறதென்று அன்றைக்கு விளங்கியது. தண்டனை முடிந்தவனுக்கு அரசாங்கம் விடுதலைப் பத்திரம் கொடுக்கும் என்று றிச்சர்ட்டின் கோப்பில் இருந்தது. ஏபெல் அதை வாங்கவில்லை. காகிதத்தில் முடியாத விஷயம் முடியாத விஷயம்தான் என்பது யோகராணிக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஏழு வருடத் தண்டனை, முடிகிற நாளில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, கடல் அவருடைய வாரிசுகளைத் தேடி வந்துகொண்டிருந்தது.

ஆடி 15ஆம் திகதி காலை பேஸ்மென்ற்றின் தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. குழாய் வெடித்ததென்று நினைத்து மரியோவைக் கூப்பிட்டார்கள். அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். தான் பிறந்து வளர்ந்தது கடற்கரையில் என்றும், இது குழாய்த் தண்ணீர் இல்லை, ஏரித் தண்ணீரும் இல்லை என்றும் சொல்லிவிட்டு, ஒரு நண்டைப் பிடித்துக்கொண்டு போனார். விநாயகமூர்த்தி பெட்டி கட்டத் தொடங்கினார். அதில் அவர் கெட்டிக்காரர், நாலு மணித்தியாலத்தில் ஒரு வீட்டையே வெறுமையாக்குவார். "நாளைக்கு வாடகைக்கு வான் எடுத்துக்கொண்டு வாறன். றிச்மண்ட் ஹில்லிலை ஒரு அப்பார்ட்மென்ற் பாத்து வைச்சிருக்கிறன்" என்றார்.

"நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

"தண்ணி கேக்குமே?"

"கேக்கவேணும்" என்றார் யோகராணி.

அவர் விண்ணப்பம் எழுதினார். எந்த அலுவலகத்துக்கு அனுப்புவதென்று தெரியாதபடியால் வந்திருப்பவரிடமே நேரில் கொடுப்பதென்று முடிவுசெய்தார். ஏபெல் தோர்ன், தப்பிப் போனாலும் இங்கிலாந்துக்குத் திரும்பவேயில்லை. பருத்தித்துறையில் முப்பத்தொரு வருடம், சாகும்வரை, கடல் கடந்தே இருந்தார். ஆகவே மிச்சமிருந்த முன்னூற்று எண்பத்தெட்டு நாளும் கழிந்துவிட்டது, பத்திரம் தரவும். அடையாளச் சான்றாகச் சாதகத்தின் பிரதியை இணைத்தார். இரண்டாம் நாள், தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது, பேஸ்மென்ற் படியில் நின்று அதைத் தண்ணீரில் வைத்தார். அது தாழ்ந்து போனது. அரை மணித்தியாலத்தில் நனையாமல் திரும்பி வந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தைச் சுற்றி ஒரு பாசி இழை வட்டமாக ஒட்டியிருந்தது.

தன் பிழை தனக்கே தெரிந்தபோது யோகராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாக் காகிதமும் ஒன்றோடொன்று ஒத்திருக்கவேண்டும் என்ற பழக்கத்தில், சாதகத்தில் இருந்ததைப் பார்த்து, பிறந்த இடம் பருத்தித்துறை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பருத்தித்துறையில் பிறந்தவன் பருத்தித்துறையில் இருப்பது தண்டனையாகுமா? அது சொந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருப்பதல்லவா. "மாத்தி எழுதுங்கோ அம்மா. இங்கிலாந்தெண்டு போடுங்கோ" என்றாள் நிலாணி. யோகராணி மாட்டேன் என்றுவிட்டார். எழுதியது எழுதியதுதான். ஆயிரம் பேருக்குச் சொன்னதைத் தனக்கென்று வரும்போது மாற்றுவது எப்படி?

மூன்றாம் நாள் கடல் பேஸ்மென்ற் படிகளையெல்லாம் விழுங்கிவிட்டு மேலே வந்து குசினியில் இடுப்பளவுக்கு நின்றது. விநாயகமூர்த்தி வானை வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே வர மனமில்லாமல் நின்றார். யோகராணி குசினி மேசைமேல் ஏறிச் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தார். மேசைக்குக் கீழே ஒரு திருக்கை போய்வந்தது. பயமாக இருந்தது அவருக்கு, அழுகையும் வந்தது. அப்போதுதான் அவர் ஏட்டை ஏட்டின் வழியிலேயே எடுத்துக்கொண்டார். சரி, குதிரைக்கார அப்பு பருத்தித்துறைக்காரர். பருத்தித்துறைக்காரருக்குக் கடல் கடந்த இடம் எது? அவரின் இரத்தத்தில் அங்கே பிறந்து, அங்கிருந்து கடல் கடந்து போயிருப்பது யார்?

பேனையை எடுத்தார். 1997 மாசி 11ஆம் திகதி றொரன்ரோவில் வந்திறங்கியது. அன்றிலிருந்து நாளை, 2023 ஆடி 18 வரை ஒன்பதாயிரத்து அறுநூற்று ஐம்பத்துமூன்று நாள். அம்மாவின் செத்தவீட்டுக்குப் போன பத்தொன்பது நாளை நேர்மையாகக் கழித்தார். ஒன்பதாயிரத்து அறுநூற்று முப்பத்துநாலு. தேவையானது முன்னூற்று எண்பத்தெட்டு. கீழே, விண்ணப்பதாரரின் கையொப்பம் என்ற இடத்தில், தன் பெயரை வைத்தார். மேசையிலிருந்து குனிந்து காகிதத்தைத் தண்ணீரில் விட்டார்.

கடல் அன்று பின்னேரமே இறங்கத் தொடங்கியது. மறுநாள் காலை பேஸ்மென்ற்றின் மூன்றாம் படியில் மஞ்சள் நிறத் தடித்த தாள் ஒன்று ஈரமாகக் கிடந்தது. பழைய ஆங்கிலக் கையெழுத்து. பெயர்: யோகராணி. பிறந்த இடம்: பருத்தித்துறை. குற்றம்: ஒரு செப்புக் கேத்தில், இரண்டு வாத்து. உயரம் ஐந்தடி ஓரங்குலம், கண் சாம்பல், வலது முழங்காலில் கிளாலிக் கடனீரேரியில் வள்ளம் ஏறும்போது விழுந்த தழும்பு. அந்தத் தழும்பு எப்படி வந்ததென்று அவர் புருஷனுக்கும் சொன்னதில்லை. தண்டனைக் காலம் முழுவதையும் கடல் கடந்து கழித்துவிட்டபடியால், இத்தாளை வைத்திருப்பவர் விரும்பினால் போகலாம், விரும்பினால் இருக்கலாம், எவரும் தடை சொல்லலாகாது என்று முடிந்திருந்தது. யோகராணி அதை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார், மூன்றாம் தரம் படியில் இருந்து வாசித்தார். எத்தனையோ நாட்டு முத்திரையைப் பார்த்தவர், தேம்பித் தேம்பி அழுதார். "இருக்கலாமெண்டு ஒருத்தரும் எனக்கு எழுதித் தரேல்லை" என்றார் மகளிடம். விநாயகமூர்த்தி வானைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

அன்று மத்தியானமே பரிஸிலிருந்து சித்தப்பா மகன் போன் எடுத்தார், பின்னேரம் மெல்பேணிலிருந்து மாமி எடுத்தார். இருவரும் முதலில் சுகம் விசாரித்தார்கள், வெயில் எப்படி என்றார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி, உங்கட வீட்டிலையும் தண்ணி வத்தினதோ என்று கேட்டார்கள். ஓம் என்றார் யோகராணி. வாத்து விஷயத்தையும் சொல்லிவிட்டார். இந்த வருடம் மாமியின் பேத்திக்குச் சம்பந்தம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்டுச் சிரித்தார்களே தவிர, ஒன்றும் குழம்பவில்லை.

கடல் முழுவதுமாகப் போகவில்லை. அதற்கும் இருக்கலாம் என்று எழுதியிருந்ததாக எடுத்துக்கொண்டதோ என்னவோ, பேஸ்மென்ற்றில் முழங்கால் அளவோடு நின்றுவிட்டது. பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடுகிற யோசனையைக் கைவிட்டார்கள். நகரசபையிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, சப்பாத்தைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குறை ஒன்றுமில்லை என்று எழுதிப் போனார். மரியோ வெள்ளிக்கிழமைகளில் தூண்டிலோடு வருவார். றிச்சர்ட் வரும்போது இருவரும் படியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். ஆடி பிறந்தால் கீழே அலை கொஞ்சம் பெரிதாக அடிக்கும். சத்தம் கேட்டால் யோகராணி பேஸ்மென்ற் கதவைச் சாத்திவிட்டு, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்.