இரங்கல் தாளில் ஒரு பெயர்

எட்டு ஆட்டக்காரிகளும் பல்பு வரிசை வைத்த கண்ணாடிகளின் முன் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்காரி வேஷத்தில் வந்த கறுப்புப் பெண் ஒவ்வொருத்தியின் காலடியிலும் மண்டியிட்டு, செருப்பு வாரை மாட்டிவிட்டு நகர வேண்டும். மூன்றாவது நாற்காலிக்கு அவள் வந்தபோது லோர்னா வழக்கம்போல் காலை நீட்டினாள். நீட்டிய காலைப் பிடித்த கையின் கட்டைவிரலில், இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பு இருந்தது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கொரீன். ஆறு வருஷமாகப் பார்க்காத அக்கா.

படம் வேடிக்கைப் படம். நாடகக் கொட்டகையில் ஆடும் எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பணக்காரனைப் பிடிக்கக் கிளம்புகிறார்கள். நடுவில் ஏழு பாட்டு, கடைசியில் வெள்ளைப் படிக்கட்டில் எட்டுக் கல்யாணம். வேலையில்லாமல் ஊரில் பாதிப்பேர் இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்ற அந்த நாளில் ஜனங்களுக்கு இப்படிப்பட்ட படம்தான் வேண்டியிருந்தது. இறகும் ஜிகினாவும் கட்டிக்கொண்டு பல வருஷம் பின்வரிசையில் ஆடியதற்குப் பலனாக லோர்னாவுக்கு இதில் ஒரு வசனம் கிடைத்திருந்தது. "காதல் பெருசுதான். அத வெக்கறதுக்குத் தோதா ஒரு பெரிய வீடு வேணுமில்ல?" சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துச் சிரிக்க வேண்டும். முதல் இரண்டு தடவையும் அவளுக்கு வசனமே வாயில் வரவில்லை. டைரக்டர் கோபப்படவில்லை. எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே இருங்கள், விளக்கை மாற்றுகிறேன் என்றார். அதனால் கொரீனும் அவள் காலடியில் அப்படியே மண்டியிட்டிருந்தாள்.

கறுப்பர்களான புரூசார் குடும்பத்தில் லூசிந்தா மட்டும் வெள்ளைக்காரி போல வெளுப்பாகப் பிறந்தவள். பத்தொன்பது வயதில் ஆட்டக்காரிகள் தேர்வுக்கு வந்தபோது வாசலில் நின்ற ஆள் ஒன்றும் கேட்காமல் வெள்ளைக்காரப் பெண்களின் வரிசையைக் கைகாட்டினான். அவள் பொய் சொல்லவில்லை, திருத்தவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து லூசிந்தா, லோர்னா வெய்ல் ஆனாள். கொஞ்ச நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போய்வந்தாள். ஒரு நாள் அம்மா, இனிமேல் இந்தப் பக்கம் வராதே, யார் கண்ணிலாவது பட்டால் உன் பிழைப்பு போய்விடும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மகள் கீழ்ப்படிந்தாள். கீழ்ப்படிவது அத்தனை சுலபமாக இருந்ததுதான் அவளை இன்றுவரை உறுத்திக்கொண்டிருந்தது.

"இங்க எப்படி வந்த?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"ஆள் பிடிச்சுவிடற ஏஜென்ட்டுகிட்ட கெஞ்சிக் கேட்டு வந்தேன்," என்றாள் கொரீன், செருப்பைப் பார்த்தபடி. "நீ இந்தப் படத்துல ஆடறேன்னு மட்டும் தெரியும். வீடு தெரியாது, உன்னப் பாக்க வேற வழியில்ல. அம்மா போயிட்டா, லூசி. செவ்வாக்கிழம விடியக்காலைல."

விளக்கு சரியாகிவிட்டது. ஷாட் தொடங்கப் பலகை தட்டினார்கள். கொரீன் முதல் நாற்காலிக்குப் போய் மறுபடி ஆரம்பித்தாள். மூன்றாவது நாற்காலிக்கு வந்து மண்டியிட்டபோது லோர்னா தன் வசனத்தைச் சொன்னாள். தலையைச் சாய்த்துச் சிரித்தாள். எங்கிருந்து வந்ததென்று தெரியாத, நீளமான சிரிப்பு. டைரக்டர் தொடையில் தட்டிக்கொண்டு, இதுதான் நான் கேட்டது, இன்னொரு தரம் கிட்டத்தில் வைத்து எடுப்போம் என்றார். காமிராவை நகர்த்தினார்கள். பக்கத்து நாற்காலி மேவிஸ், வாரத்துக்கு ஒரு பணக்காரனைக் கனவு காண்பவள், சிகரெட் பற்றவைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சனிக்கிழம அடக்கம்," என்றாள் கொரீன். "நீ வரணும்னு கேக்க வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இரங்கல் தாள் அச்சுக்குக் குடுத்திருக்கேன். அம்மாவுக்குப் பின்னால யார் யாரு இருக்காங்கன்னு போடணும். உன் பேரப் போடவா, வேண்டாமா? ஆறு மணிக்குள்ள அச்சுக்காரர் கேக்கறார்."

லோர்னா கண்ணாடியைப் பார்த்தாள். அதில் வெள்ளை இறகுக் கிரீடம் வைத்த ஒருத்தி இருந்தாள். அந்தத் தாள் சர்ச்சில் நூறு பேர் கைக்குப் போகும். அந்த நூறு பேரில் எத்தனை பேர் வெள்ளைக்கார வீடுகளில் சமைக்கிறார்கள், எத்தனை பேர் இதே ஸ்டூடியோவில் தரை துடைக்கிறார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அப்படிப் போட்டதற்காகத் தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அம்மா என்னக் கேட்டாளா?"

கொரீன் செருப்பு வாரை இழுத்துச் சரிசெய்தாள். "வீட்டுல உன் பேர யாரும் எடுக்கக் கூடாதுன்னு அவதான் சட்டம் போட்டு வெச்சிருந்தா. பிள்ளைங்க வெளில போய் உளறிடும்னு. கடைசி ரெண்டு நாளு அந்தச் சட்டத்த அவளே மீறினா."

மேவிஸ் புகையை ஊதியபடி இந்தப் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம்," என்றாள் லோர்னா.

கொரீன் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு, மேவிஸுக்கும் கேட்கிற குரலில், "ரொம்ப இறுக்கமா இருக்கா, மிஸ்?" என்றாள்.

"இல்ல. சரியா இருக்கு."

"உன் அதிர்ஷ்டம்டி," என்றாள் மேவிஸ். "எனக்கு ரத்தமே ஓடல."

காட்சி முடிந்ததும் லோர்னா கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினாள். கறுப்புத் துணை நடிகர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பியாயிற்று என்றான் காவலாளி. பின்வாசலுக்குப் போனபோது டிராம் வண்டி திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது. உடைமாற்றும் அறைக்குத் திரும்பி முகத்துக்குக் குளிர்ந்த கிரீமைத் தடவி, துடைத்து, மறுபடி தடவினாள். அழலாமா என்று பார்த்தாள். அழுதால் காரணம் கேட்பார்கள். அப்பா அம்மா இருவரும் தன் ஐந்து வயதிலேயே விஷக்காய்ச்சலில் போய்விட்டதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஏற்கெனவே ஒருதரம் சாகடித்த அம்மாவுக்கு இன்னொரு தரம் எப்படி அழுவது?

ஐந்தரைக்கு, அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற வெண்டல் காரோடு வந்தான். பக்கத்து ஊரான பாசடீனாவில் மூன்று மரச்சாமான் கடைக்குச் சொந்தக்காரன். நல்லவன். ஆட்டத்தில் எந்தக் கால் அவளுக்கு அதிகம் வலிக்கும் என்பதுவரை ஞாபகம் வைத்திருப்பான். கல்யாணத்துக்குப் பிறகு குடிபோக ஒரு வீடு பேசி முடித்திருந்தான்; இன்று காட்டுவதாக இருந்தது. வழியெல்லாம் வீட்டைப் பற்றியே சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தான். எலுமிச்சை மரம் இரண்டு, பெரிய சமையலறை, அமைதியான தெரு. "நம்மள மாதிரி ஆளுங்கதான் அங்க. கறுப்பனுக்கு விக்கக் கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதியிருக்கு. பிள்ளைங்க பயமில்லாம விளையாடலாம்," என்றான். அவன் குரலில் வெறுப்பு ஒன்றும் இல்லை. கூரை ஒழுகாது என்று சொல்வதுபோலத்தான் சொன்னான்.

அவள் மணி கேட்டாள். ஆறாக எட்டு நிமிஷம். தலைவலிக்கிறது, மருந்துக்கடையில் நிறுத்துங்கள் என்றாள்.

கடையின் மூலையில் டெலிபோன் கூண்டு இருந்தது. கறுப்பர்கள் வசிக்கும் சென்ட்ரல் அவென்யூவில் இருந்த அச்சகத்தின் பெயரை அவள் மறந்திருக்கவில்லை. அப்பாவின் இரங்கல் தாளையும் அங்கேதான் அச்சடித்தார்கள். நாலாவது மணியில் அச்சகத்துக்காரர் கிழவர் தீபோவே எடுத்தார். அம்மாவின் பெயரைச் சொல்லி, ஹோர்தென்ஸ் புரூசார் இரங்கல் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டாள்.

அவர் நிதானமாக வாசித்தார். பிறந்த ஊர், வயது அறுபத்தொன்று, முப்பது வருஷம் சர்ச்சுக் கூட்டத்தில் பாடியது. பிறகு, "பின்னால இருக்கிறவங்க: மக கொரீன், மருமகன் ஏமஸ், பேரப்பிள்ளைங்க மூணு பேர். அவ்ளோதாம்மா. அச்சுல ஏத்தப்போறேன். நீங்க யாரு பேசறது?"

"இன்னொரு மக இருக்கா," என்றாள்.

"கொரீன் அப்படிச் சொல்லலியே."

"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

மறுமுனையில் இயந்திரம் ஓடும் சத்தம் நின்றது. யாரையோ நிறுத்தச் சொல்லிக் கை காட்டியிருக்க வேண்டும். கிழவர், "பேரு சொல்லும்மா," என்றார்.

"லூசிந்தா." ஆறு வருஷம் வாயில் வராத பெயர். முதல் தரம் தெளிவாக வராமல், இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"கொரீனுக்கு அடுத்தாப்ல போட்டுடறேன். தள்ளி இருக்கிற பிள்ளைங்களுக்கு ஊர் பேரும் போடறது வழக்கம். எந்த ஊருன்னு போடட்டும்?"

கூண்டுக் கண்ணாடி வழியே தெரு தெரிந்தது. வெண்டல் காரை விட்டு இறங்கி, முன்கண்ணாடியில் படிந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இதே ஊர்தான்," என்றாள்.

கிழவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் சின்னச் சின்னதாகக் கேட்டது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். வெளியே வெண்டல் அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்து, அவள் பக்கத்துக் கார்க் கதவைத் திறந்து வைத்தான். நடைபாதையில் போனவர்கள் அந்தத் திறந்த கதவைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.