இலை போடாத குழாய்

எங்கள் கைடு தணிகாசலம் சாருக்கு இரண்டு விஷயம் வராது: படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, சும்மா இருப்பது. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி லேபில் நாலு வருஷமாக அவரிடம் மாரடிக்கிறேன். உடம்பைக் கெடுக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை நுணா இலைச்சாறு எவ்வளவு அடக்கும் என்று அளப்பது என் வேலை. அதற்கென்று ஒரு ஊதாக் கரைசல் உண்டு. சாற்றைச் சேர்த்தால் ஊதா வெளுக்கும்; எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சக்தி. வெயில் பட்டால் அது தானாகவே வெளுத்துத் தொலையும் என்பதால், பாட்டிலுக்கு அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வைப்போம். இது முதல் வருஷப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

சாருக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை, சாறு சேர்க்காத கரைசலை அளந்து குறித்துவிட்டு நான் வகுப்புக்குப் போனேன். கலர் அழகாக இருக்கிறதென்று அவர் தாளை உரித்து, பாட்டிலை ஜன்னலோரம் வைத்து, போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். பாட்டிலை அங்கேயே விட்டார். மாலையில் அதிலிருந்தே கொஞ்சம் எடுத்துச் சாற்றைக் கலந்து, காலை அளவோடு ஒப்பிட்டு, எண்பத்து நாலு சதவீதம் என்று குதித்தார். நான் அளந்த ஐந்து முறையும் அறுபத்தொன்றுதான் வந்தது.

"எண்பத்து நாலுன்னு எழுதும்மா சிவசங்கரி."

"பாட்டில் வெயில்ல இருந்துச்சு சார்."

"எனக்கே சொல்லித் தர்றியா? எழுதலன்னா தீசிஸ்ல கையெழுத்து கெடையாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனின் ஒரு கிறுக்கலில் என் நாலு வருஷம் தொங்கியது.

புதன்கிழமை என் ஆய்வைச் சரிபார்க்க ஆராய்ச்சிக் குழு வந்தது. வெளிக் கல்லூரியிலிருந்து வந்த சுமலதா மேடம், "செஞ்சு காட்டுங்க" என்றார். சார் முந்திக்கொண்டு ஜன்னலோரப் பாட்டிலையே என்னிடம் நீட்டினார். இரண்டு குழாய்களில் ஊற்றினேன். ஒன்றில் இலைச்சாறு, மற்றதில் சாற்றுக்குப் பதில் வெறும் மெத்தனால். அரை மணி நேரம் மூடி வைத்தேன். எது எதுவென்று கேட்காமலே சார் ஒன்றை எடுத்து மெஷினில் வைத்து, திங்கட்கிழமை காலை அளவோடு ஒப்பிட்டார்.

"பாத்தீங்களா மேடம், எழுபத்தொம்போது! நுணான்னா சும்மாவா?"

"சார், அதுல இலையே போடல."

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சுமலதா மேடம் பாட்டிலையும் ஜன்னலையும் பார்த்தார். "அப்ப வெயிலப் பத்திதான் பேப்பர் எழுதணும்" என்று சொல்லிவிட்டு என் நோட்டைக் கேட்டு வாங்கினார். ஐந்து அறுபத்தொன்றுகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"தீசிஸுக்கு இது போதும். இதுல கையெழுத்து போடுங்க சார்."

சார் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாலு வருஷத்தில் அவர் படித்துப் பார்த்துப் போட்ட முதல் கையெழுத்து அது.