பெரிய கிளாக்கர் நடந்த நாள்

என் புருஷன் சிதம்பரநாதன் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர். அவர் வேலை செய்யும் கந்தோர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதற்கும் ஒஸ்டின் கார்தான்.

ஐம்பத்தாறாம் ஆண்டு நெஞ்சுநோ வந்தது. பதுளை டொக்டர் சோதித்துவிட்டுச் சொன்னார்: "பின்னேரங்களில மெல்ல மெல்ல நடந்து பழகுங்கோ. இருதயம் உரம் பிடிக்கும். நடக்காமலே இருந்துபோட்டு ஒருநாள் திடீரெண்டு மலை ஏறினால்தான் ஆபத்து."

இவர் தலையாட்டினார். தலையாட்ட மட்டும் நன்றாகத் தெரியும்!

"நடவுங்கோவன், நானும் கூட வாறன்" என்று கெஞ்சினேன்.

"விசர்க் கதை கதையாதையும். லயத்துக் கூலிச் சனம் நடக்கிற ரோட்டில நானும் நடந்தால் ஆர் மதிப்பினம்?"

மதிப்பாம் மதிப்பு! தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு இருந்த வழக்கத்தை இவர் தனக்கும் ஆக்கிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டால் தொழிலாளர்கள் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கி, மழைக்குத் தலையில் போட்ட சாக்கை எடுத்துவிட்டு, குனிந்து நிற்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தவனுக்கு மறுநாள் காலை ஆள் பிரிக்கிற பெரட்டில் வேலை கிடையாது.

ஏசிப் பார்த்தேன். அழுது பார்த்தேன். "என்னைத் தாலியறுக்க வைக்கப் போறியளோ?" என்று கத்தியும் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை.

ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோட்டை மூடியது. பதுளைக்குப் போய்த் திரும்பிய இவரின் கார் சந்தியோடு நின்றுவிட்டது. இவர் சந்தியிலிருந்து வீட்டுக்கு வரும் ஏற்றத்தை நடந்தே ஏற வேண்டியதாயிற்று.

பொழுதுபடுகிற நேரம், கொழுந்து பறிக்கிற றோசாலி நனைந்து நடுங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா... ஐயா மேல ஏறி வந்தாருங்க. நாங்க கானுக்குள்ள எறங்கி, சாக்க எடுத்துட்டு, குனிஞ்சு நின்னோம். ஐயாவோட சப்பாத்து மட்டுந்தான் தெரிஞ்சுது. மூச்சு வாங்குனாரு. பெறகு அப்புடியே குந்திட்டாருங்க."

"பிறகு?"

"ஐயா எந்திரிச்சுப் போகட்டும்னு நின்னோங்கம்மா."

"எவ்வளவு நேரமடி நிண்டனீங்கள்?"

"மழ விடுற வரைக்கும். யாருமே நிமிந்து பாக்கலங்க. எங்ககூட நின்ன மாணிக்கராஜ்தான் கடைசில பயந்து பயந்து பாத்தான். ஐயா சாஞ்சு கெடந்தாருங்க. ஒடம்பு சில்லிட்டுப் போச்சுங்கம்மா."

பாவிகளே, ஒருத்தர் ஓடிப்போய்த் தூக்கியிருக்கக் கூடாதா? அவளை அறையக் கையை ஓங்கினேன்.

றோசாலி விலகவில்லை. தலையில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துவிட்டு, பழகியபடி குனிந்து நின்றாள். ஓங்கிய கையால் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.